செசி வெடித்த லொறியும் வாசல் வெல்டிங்கும்



ஓய்வு பெறும்போது கையில் கிடைக்கும் சேமலாப நிதிப் பணத்தையும், கொழும்பில் வேலை செய்யும் மகன் சேர்த்து வைத்ததையும் ஒன்றாகப் போட்டுப் பழைய லொறி ஒன்றை வாங்கும் குடும்பங்கள் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டை, ரங்கலை, மடுல்கலை என்று கண்டியைச் சுற்றிய எல்லாப் பக்கங்களிலும் இருக்கின்றன. மரக்கறி மூட்டை, விறகு, மணல், கருங்கல் என்று அந்த லொறி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். லொறி நின்றாலும் லீசிங் தவணை நிற்காது.

வீடுகளுக்குப் போகும்போது எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, லொறி செசி வெடிச்சிருச்சு. பக்கத்து லயத்துத் தம்பிகிட்ட வெல்டிங் பிளாண்ட் இருக்கு. ரெண்டு ரொட் அடிச்சா போதும்னு சொல்றான். அடிக்கலாங்களா?”

நலன்புரி உத்தியோகத்தருக்கும் லொறிச் செசிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். அந்த லொறியின் பின்பெட்டியில் காலையில் நமது பெண்கள் மலைக்கு ஏறிப் போகிறார்கள். வெல்டிங் அடிக்கிற இடமோ பிள்ளைகள் விளையாடுகிற லயத்து வாசல். அதனால்தான் இதை எழுதுகிறோம். கராஜ் பாஸ்மாரிடம் கேட்டும், தொழில்நுட்பக் கல்லூரியில் வெல்டிங் படித்த எமது பிள்ளைகளிடம் விசாரித்தும், புத்தகம் பார்த்தும் அறிந்ததை இங்கே தருகிறோம்.

சுருக்கமான பதில் இதுதான். சில வெடிப்புகளை வாசலிலேயே ஒழுங்காகச் செய்யலாம். பல வெடிப்புகளைச் செய்யவே கூடாது. எந்த வெடிப்பாக இருந்தாலும், ஏன் வெடித்தது என்று தெரியாமல் ரொட்டைக் கையில் எடுக்கக்கூடாது.

இவ்வளவு பழைய வாகனங்கள் எமது வீதிகளில் ஓடுவதற்குக் காரணம் உண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில் புதிய லொறி என்பது கனவுதான். பெட்ஃபோர்ட் லொறிகளைக் கொல்லன் பட்டறையில் தட்டிக் கொட்டி ஓட்டிய கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு ஜப்பான் எல்ஃப், கென்டர், டைனா என்றும் இந்திய டாடா, லேலண்ட் என்றும் வந்தன. மறுபடியும் 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இன் தொடக்கத்தில்தான் படிப்படியாகத் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதிய லொறி எமது கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. ஆகவே இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய செசியின் மேல்தான் பல குடும்பங்களின் பிழைப்பு நிற்கிறது.

ஏன் வெடிக்கிறது?

செசி என்பது ஓர் ஏணி. நீளமான இரண்டு சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். நீளச் சட்டத்தைப் பார்த்தால் நாம் குளிக்கும் தகரப் பீலியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தது போல இருக்கும். மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, இரண்டுக்கும் நடுவில் நிமிர்ந்த தகடு. சிறிய லொறிகளில் இதன் கனம் பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீற்றர் வரைதான்.

பச்சை மிலாறு ஒன்றை இரண்டு கல்லின் மேல் வைத்து நடுவில் மிதித்துப் பாருங்கள். முதலில் பிளப்பது அடிப்பக்கம்தான். லொறியிலும் அப்படியே. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் சுமை அமுக்கும்போது செசியின் கீழ் மடிப்பு இழுபடுகிறது, மேல் மடிப்பு நெருக்கப்படுகிறது. பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் பகுதியில் இது தலைகீழ். அங்கே மேல் மடிப்புத்தான் இழுபடும். இழுபடுகிற பக்கத்தில் ஒரு துளை, ஒரு ரிவெட், யாரோ பழைய காலத்தில் அடித்த ஒரு வெல்டிங் முனை, இப்படி ஏதாவது இருந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் ஹேங்கருக்கு அருகில், கெபினுக்குப் பின்னால் பெட்டி தொடங்கும் இடத்தில், குறுக்குச் சட்டம் சேரும் மூலையில் முதலில் தேடிப் பாருங்கள்.

எமது வீதிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் ஒரு பின் சக்கரம் கானுக்குள் இறங்க, எதிர்ப்பக்கத்து முன் சக்கரம் மேட்டில் ஏறும். அப்போது செசி ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கப்படுகிறது. கொழும்பு வீதியில் ஓடுகிற லொறிக்கு இந்த முறுக்கு இவ்வளவு வராது.

ஒரே நாளில் வெடித்துவிட்டது என்று டிரைவர் தம்பிமார் சொல்வார்கள். அப்படி நடப்பது அபூர்வம். கட்டுக் கம்பியை முன்னும் பின்னும் பல முறை வளைத்தால் அறுந்து போகும் அல்லவா? இரும்பும் அப்படித்தான் களைத்துப் போகிறது. இதை உலகம் அறிந்துகொண்டது ரயிலால். 1842 மே 8ஆம் திகதி பிரான்சில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்கு வந்த ரயிலின் என்ஜின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் நல்ல இரும்பும் ஏன் முறிகிறது என்று தீவிரமாகத் தேடினார்கள். ஜெர்மனியில் ஓகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியியலாளர் பல வருடம் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பரிசோதித்து, ஒரே தடவையில் தாங்கக்கூடிய சுமையைவிடக் குறைந்த சுமையும் திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறிக்கும் என்று காட்டினார்.

இதில் நமது லொறிக்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. வெல்டிங் மூட்டு ஒன்றின் மேல் வரும் இழுவை இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரண்டு தொன் ஏற்ற வேண்டிய லொறியில் நாலு தொன் ஈர மணலை ஏற்றினால் எட்டு வருடம் தாங்க வேண்டிய மூட்டு ஒரு வருடத்தில் விட்டுப்போகலாம். “ஒரு லோட்ல ரெண்டு லோட் காசு” என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

பெட்டியைச் செசியோடு பிடிக்கும் யூ போல்ட்களையும் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் பெட்டி தனியாகத் துள்ளும், சுமை முழுவதும் ஓரிரு இடத்தில் குத்தும். பெட்டிக்கும் செசிக்கும் இடையில் வைக்கும் நீளக் கட்டையின் முன் முனையைச் சதுரமாக வெட்டாமல் சாய்வாகச் சீவி விடுவது பழைய பெட்டி பாஸ்மாரின் வழக்கம். சதுரமாக விட்டால் அந்த மூலை செசியின் மேல் உளி போல நிற்கும். இப்போது பலர் இதைக் கவனிப்பதில்லை.

துரு என்னும் கறையான்

கண்டிப் பக்கத்து மழையும் சேறும் போதாதென்று தோட்டத்து லொறிகளுக்கு உரம் வேறு. பசளை மூட்டை கிழிந்து கொட்டுகிற யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தோடு சேர்ந்து செசியின் உள் மடிப்பில் தேங்கினால் இரும்பை அரித்துத் தின்றுவிடும். பொட்டாஷ் பசளையில் இருப்பதும் சமையல் உப்பில் இருப்பது போன்ற குளோரைட்டுத்தான். பசளை ஏற்றிய அன்றே செசியை உள்ளும் புறமும் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும், அதைக்கூடச் செய்வதில்லை. பழைய லொறி வாங்குகிறவர்கள், அது முன்பு மீன் ஏற்றிய லொறியா என்றும் விசாரியுங்கள். உப்புத் தண்ணீர் பல வருடம் ஒழுகிய செசி வெளியில் பெயின்டோடு மினுங்கும், உள்ளே செதில் செதிலாக உரியும்.

துருவின் ஆழத்தை அறிய சுத்தியல் போதும். அந்தக் காலத்தில் ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்ப்பார்கள். அதே முறைதான். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், துருப் பிடித்தது பொத்தென்று ஒலிக்கும். இரண்டு தகடு சேரும் இடத்தில் துரு புகுந்தால் அது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துத் தகட்டை உப்ப வைக்கும், ரிவெட்டையும் தெறிக்க வைக்கும். கூர்ச் சுத்தியல் உள்ளே இறங்கினாலோ, தகட்டின் கனம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தாலோ வெல்டிங் பேச்சே வேண்டாம். துருவுக்கு வெல்டிங் பிடிக்காது. மெலிந்த தகட்டில் அடித்தால் ஓட்டை விழும், அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு ரொட், அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. கடைசியில் ஒரு அடி நீளத்துக்கு வெல்டிங் மட்டும்தான் இருக்கும், செசி இருக்காது. அப்படியான லொறிக்குச் சட்டத்தின் அந்தப் பகுதியை மாற்ற வேண்டும், அல்லது வேறு செசி தேட வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய் வருகிற செலவு கூடத்தான். ஆனாலும் அதுதான் வேலை.

வாசலில் செய்யக்கூடாதவை

ஸ்டியரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடம், ஸ்பிரிங் ஹேங்கர் பூட்டியிருக்கும் இடம், முன் அச்சு ஆகியவற்றில் வெடிப்பு இருந்தால் லொறியைத் தூக்கிச் சென்றாவது நல்ல கராஜில் கொடுங்கள். இரண்டு பக்கச் சட்டமும் ஒரே இடத்தில் வெடித்திருந்தாலும், ஒரு சட்டம் மேலிருந்து கீழ் வரை முழுதாக முறிந்திருந்தாலும் அப்படியே. ஏற்கனவே வெல்டிங் அடித்து மறுபடி வெடித்த இடத்தையும் தொடாதீர்கள். அங்கே காரணம் வேறு எங்கோ இருக்கிறது. பெரிய கொள்கலன் லொறிகள் சிலவற்றின் செசி சூடாக்கிப் பதப்படுத்திய உருக்கு. அதில் வெல்டிங் சூடு பட்டால் பதம் கெட்டு அந்த இடம் பலவீனமாகிவிடும். தயாரித்த கம்பனியே வேண்டாம் என்று செசியில் எழுதி ஒட்டியிருப்பதும் உண்டு.

செசி இலக்கம் பொறித்த இடத்தை வெட்டவோ அரைக்கவோ கூடாது. வேலை அந்த இடத்துக்கு வருமென்றால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இலக்கம் அழிந்த லொறி பொலிஸ் கண்ணில் திருட்டு லொறிதான். விற்கவும் முடியாது.

மிஞ்சுவது என்ன? நடுச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும், மடிப்பின் ஓரத்திலிருந்தோ துளையிலிருந்தோ கிளம்பிய சிறிய வெடிப்பு, சுற்றிலும் கனமான நல்ல இரும்பு. அதைக் கை பழகிய வெல்டர் ஒருவர் வாசலில் செய்யலாம். ஜன்னல் கிரில் அடித்துப் பழகிய கையை நாம் சொல்லவில்லை. கிரில் விட்டுப்போனால் பூனை உள்ளே வரும், அவ்வளவுதான்.

செய்யும் முறை

லொறியைச் சமமான தரையில் நிறுத்திச் சுமை முழுவதையும் இறக்குங்கள். சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். தொய்ந்த செசியை ஜேக் கொடுத்துத் தூக்கி, வெடிப்பின் வாய் மூடி, இரண்டு பக்கமும் நேராக வரும்வரை சரிபார்க்க வேண்டும். நூல் பிடித்துக் குறுக்கு மறுக்காக அளந்தால் தெரியும். தொய்ந்தபடியே வெல்டிங் அடித்தால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும், டயரும் ஒரு பக்கம் தேயும். ஜேக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், கனமான மரக்கட்டையும் வையுங்கள்.

பெயின்ட், தார், எண்ணெய், துரு எல்லாவற்றையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுக்க வேண்டும். பிறகு வெடிப்பு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதைவிட அது எப்போதும் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். பழைய பட்டறைக்காரர் முறை இதற்கு நன்றாக வேலை செய்யும். மண்ணெண்ணெயைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, மேலே சோக் தூளைப் பூசுங்கள். வெடிப்புக்குள் போன எண்ணெய் ஊறி வெளியே வந்து வெள்ளைத் தூளில் கருங்கோடாகத் தெரியும். பார்த்த பிறகு மண்ணெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டுத்தான் அடுத்த வேலை.

கோடு முடியும் முனையில், கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டினாற்போல, 6 முதல் 8 மில்லிமீற்றர் துளை ஒன்று போட வேண்டும். ஓட்டையைக் கூட்டுகிறார்களே என்று பயப்பட வேண்டாம். வெடிப்பின் கூர் முனைதான் இரும்பைக் கிழித்துக்கொண்டு போகிறது. உருண்டையான துளையில் வந்து சேர்ந்தால் அந்தக் கூர் மழுங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் இந்தப் பாடத்தைக் கற்பித்தன. ரிவெட் வைத்த பழைய கப்பலில் வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்பில் நின்றுவிடும். முழுக்க வெல்டிங் செய்த கப்பலில் அது நிற்க இடமில்லை. 1943 ஜனவரி 16ஆம் திகதி ஷெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் போர்ட்லண்ட் துறைமுகத்தில், அலையே இல்லாத தண்ணீரில் கட்டியபடி நிற்கும்போதே இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் தன்மை கொண்ட உருக்கே முக்கிய காரணம் என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கொன்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி காட்டினார். லிபர்ட்டி கப்பல்களில் வெடிப்பு பல தடவை தளத்து வாயிலின் சதுர மூலையிலிருந்து கிளம்பியதையும் கண்டார்கள். எமது மலைக்குளிர் அந்தளவு இல்லை. சதுர மூலை மட்டும் எமது வாசலிலும் அதே வேலையைத்தான் செய்யும்.

அடுத்து, வெடிப்பின் நீளத்துக்கு கிரைண்டரால் தகட்டின் முழு ஆழத்துக்கும் வாய்க்கால் போலச் சாய்வாக வெட்ட வேண்டும், அடியில் 2 மில்லிமீற்றர் அளவு இடைவெளி விட்டு. இதைச் செய்யாமல் மேலே மட்டும் மெழுகுவது போல அடிப்பதுதான் நாம் அதிகம் காணும் தவறு. பார்க்க அழகாக இருக்கும், உள்ளே வெடிப்பு அப்படியே கிடக்கும்.

ரொட் விடயத்தில் சிக்கனம் வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கேட்டால் கிடைப்பது 6013. அது கிரிலுக்கும் மெல்லிய தகட்டுக்கும் நல்லது. செசிக்கு 7018 வகை வேண்டும். ஆனால் அது ஈரத்தை இழுக்கும். ஈரமான ரொட்டிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெல்டிங்குக்குள் புகுந்து, ஆறிய பிறகு உள்ளேயே வெடிப்பை உண்டாக்கும். மழைக் காலத்தில் லயத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த ரொட்டை அடுப்பு மேல் வாட்டி எடுத்தால் சரியாகாது, அதற்கு 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கும் பெட்டி வேண்டும். எனவே வேலை நாளன்று உடைக்காத புதுப் பெட்டியை வாங்குங்கள். இன்னொன்று, 7018இன் பெரும்பாலான வகைகள் டிசி மின்னோட்டத்தில்தான் ஒழுங்காக எரியும். பழைய செம்புச் சுருள் பிளாண்ட் பலவற்றில் அது வராது. இப்போது வரும் சிறிய இன்வெர்ட்டர் பிளாண்டில் வரும்.

ஒவ்வொரு படை அடித்ததும் கசடைத் தட்டித் துலக்கிவிட்டே அடுத்த படை. மடிப்பின் ஓரத்தில் வெல்டிங்கை அப்படியே முடிக்காமல், ஓரத்தோடு சிறு இரும்புத் துண்டு ஒன்றைப் பொருத்தி அதன் மேல் கொண்டுபோய் முடித்து, பிறகு அந்தத் துண்டை வெட்டி எடுப்பது நல்ல பழக்கம். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி ஆறவைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். கொல்லன் பட்டறையில் கத்தியைத் தண்ணீரில் அமிழ்த்துவது அதைக் கடினமாக்கத்தான். செசிக்குக் கடினம் வேண்டாம், வளைந்து கொடுக்கும் தன்மைதான் வேண்டும். தானாக ஆறட்டும். ஆறிய பிறகு புடைப்பை அரைத்துச் சமப்படுத்துங்கள். கிரைண்டர் கோடுகள் செசியின் நீளத்துக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒவ்வொரு கோடும் புதிய வெடிப்புக்கு விதை.

தகடு வைத்துப் பலப்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பல லொறிகள் கெட்டுப்போவது இங்கேதான். கனமான சதுரத் தகடு ஒன்றைச் செசியில் வைத்து நான்கு பக்கமும் வெல்டிங் அடித்தால் பலம் என்று நினைக்கிறோம். அந்த இடம் மட்டும் விறைத்துப் போகும், மற்ற இடம் வளையும். இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் ஆறு மாதத்தில் புது வெடிப்பு கிளம்பும். தகடு செசியைவிடக் கனமாக இருக்கக்கூடாது. வெடிப்பின் இரண்டு புறமும் செசியின் உயரத்தளவாவது நீண்டிருக்க வேண்டும். முனைகளைச் சதுரமாக விடாமல் சாய்வாக, கூம்பிப் போகும்படி வெட்ட வேண்டும். வெல்டிங்கை நீளவாட்டில் மட்டும் அடித்து, முனைகளில் குறுக்கே அடிக்காமல் விட வேண்டும். நடுத்தகட்டில் ஏற்கனவே உள்ள துளைகளைப் பயன்படுத்தி உறுதியான போல்ட் போட்டு இறுக்க முடிந்தால் அது இன்னும் நல்லது. மேல், கீழ் மடிப்புகளில் புதிதாகத் துளை போடவே கூடாது.

வாசலும் பிள்ளைகளும்

டீசல் டாங்கியைக் கழற்றித் தூரத்தில் வையுங்கள். வெறும் டாங்கிதானே என்பார்கள். எரிபொருள் ஆவி நிறைந்த வெறும் டாங்கிதான் குண்டு போல வெடிக்கும். பிரேக் குழாய்களையும் வயர்களையும் கழற்றுங்கள் அல்லது ஈரச் சாக்கால் மூடுங்கள். பட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றிவிடுங்கள். டயர் பூட்டிய சக்கரத்தின் இரும்பில் எக்காரணம் கொண்டும் வெல்டிங் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சூடேறி வாயு பெருகி டயர் வெடித்தால் ஆளையே தூக்கி எறியும். எர்த் கவ்வியை வெல்டிங் அடிக்கும் இடத்துக்கு மிக அருகில், சுத்தமான இரும்பில் பிடியுங்கள். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் பெயரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கருக்கிவிடும். அடுக்கி வைத்த விறகையும், மிலாற்றுக் கட்டையும், காயப்போட்ட துணியையும் அகற்றி, மணல் வாளி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் யாராவது அங்கேயே இருக்க வேண்டும். பொறி ஒரு சாக்குக்குள் போய் மெல்லப் புகைந்து, எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கப் போன பிறகுதான் பற்றும்.

லயத்து வீட்டு வயர் பழைய பிளாண்டின் இழுவைக்குப் போட்டதல்ல. வயர் சூடாவது கூரைக்குள் நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தெருக் கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது குற்றம், உயிரும் போகும். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் அமர்த்திப் பாருங்கள். ஈரத் தரையில், நனைந்த சிலிப்பரோடு ரொட்டைப் பிடிக்காதீர்கள்.

கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறோம். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி, பத்து மணி நேரம் கழித்து, நடுச்சாமத்தில் கண்ணில் மணல் கொட்டியது போல எரிந்து, தண்ணீர் வடிந்து, துடித்து அழும். அந்த நேரத்தில் தாய்ப்பால் விடுவதும், உருளைக்கிழங்கு வைத்துக் கட்டுவதும், தேயிலைச் சாயம் ஊற்றுவதும் எமது மக்களிடம் உள்ள வழக்கம். எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். கண்ணைக் கசக்காமல், வெளிச்சம் படாமல் மூடி வைத்து, வைத்தியரிடம் காட்டுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் கண் பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும், ஆனால் வேறு காயம் இல்லை என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ரொட் பிடிப்பவருக்கு 10 அல்லது 11ஆம் இலக்கக் கண்ணாடி பூட்டிய முகமூடி வேண்டும். கறுப்புக் கண்ணாடி போதாது. பிள்ளைகளைத் துரத்திக்கொண்டே இருக்க முடியாது, ஆகவே பழைய தகரம் இரண்டை நிறுத்தி மறைப்புக் கட்டிவிடுங்கள்.

நாகம் பூசிய தகரத்தையோ குழாயையோ வெட்டித் தகடாக வைத்து வெல்டிங் அடித்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவு குளிர் காய்ச்சல் வந்து நடுக்கும். பால் குடித்தால் சரி என்பது வெறும் பேச்சு. அந்தத் தகட்டைத் தவிர்ப்பதே வழி.

ஏறிப் போகிறவர்களுக்கும் கண் உண்டு

லொறிகள் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்பது தெரிந்ததே. பரிசோதனைக்கு முதல் நாள் செசி முழுவதும் கறுப்புத் தார் பூசிக்கொண்டு போவதும் தெரிந்ததே. தார் பரிசோதகரின் கண்ணை மறைக்கலாம். ஆனால் ஒட்டுப்போட்ட இடம் லூல்கந்துர ஏற்றத்தில் விட்டுப்போனால் உள்ளே இருப்பது நமது ஆட்கள்தான். தோட்ட வேலையின்போது காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்க வழி இருக்கிறது. சொந்த வாசலில் சொந்த லொறியின் கீழ் படுத்துக் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க முதலாளி யாரும் இல்லை.

லொறியில் ஏறும் சகோதரிகளே, நீங்களும் பார்க்கலாம். கெபினின் பின்சுவரும் பெட்டியின் முன்பலகையும் முன்பு ஒரே இடைவெளியில் நின்றவை இப்போது மேலே அகன்றோ கீழே நெருங்கியோ நிற்கின்றனவா? வெறும் லொறியே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா? பள்ளத்தில் இறங்கும்போது புதிதாகக் கடக்கென்று சத்தம் கேட்கிறதா? கேட்டால் டிரைவரிடம் சொல்லுங்கள். “உங்களுக்கு என்ன தெரியும், ஏறுங்க” என்று அவர் சொன்னால் வெளிக்கள உத்தியோகத்தரிடமோ எம்மிடமோ சொல்லுங்கள். பார்த்து முடியும்வரை ஏறாமல் நில்லுங்கள். ஒரு நாள் பெரட்டுக்குப் பிந்துவதைப் பற்றி நாம் பேசிக்கொள்கிறோம்.

வெல்டிங் அடித்த லொறியை முதலில் அரைச் சுமையோடு ஓட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து அடியில் படுத்துப் பாருங்கள். பிறகு மாதம் ஒரு தடவை, காய்ந்த நாளில். அந்த இடத்துக்குத் தார் பூசாமல் துருத் தடுப்புப் பூச்சும் அதன் மேல் வெளிர் சாம்பல் நிறப் பெயின்டும் அடித்து வைத்தால் நல்லது. வெடிப்பு மறுபடி கிளம்பினால் அந்தப் பெயின்டில் செம்மண் நிறத்தில் மயிரிழைக் கோடு ஒன்று தெரியும். கோட்டைக் கண்ட அன்றே சுமையை இறக்கிவிட்டு லொறியைக் கராஜுக்கு அனுப்புங்கள்.